காணோம்! – தொடக்க வாசகர்களுக்கு மர்மக் கதை எழுதுவது பற்றி

அக்கா மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து போவாள். வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். "திரும்ப மொதல்லேருந்து படி" என்று அக்கா சொன்னால் போதும், முகம் சுருங்கிப்போகும். அவளைப் பொறுத்தவரை திரும்பப் படிப்பது என்பது தண்டனை. சரியாகப் படிக்காதவர்களுக்குக் கொடுப்பது.

போன பள்ளி விடுமுறையில் ஓர் ஆங்கிலச் சிறுவர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தமிழில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். "இரு மாமா, அத நா பாக்கணும்" என்று பின்னோக்கிப் புரட்டினாள். யாரும் சொல்லாமலே திரும்பப் போனாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு செயலைப் பற்றித்தான். புதிதாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னால் போவதை வெட்கத்திலிருந்து விளையாட்டாக மாற்றித் தருகிற கதை வடிவம் என்று எனக்குத் தெரிந்தது மர்மக் கதை மட்டும்தான். தமிழில் அதை நாம் ஏன் ஒழுங்காக எழுதாமல் இருக்கிறோம் என்பது என் கேள்வி.

*

அவளிடம் நான் சொன்ன கதை 'நேட் தி கிரேட்'. மார்ஜோரி வைன்மன் ஷார்மட் எழுதி 1972இல் வந்தது. படங்கள் மார்க் சிமோன்ட். துப்பறிபவன் ஒரு சின்னப் பையன். பேன்கேக் என்றால் உயிர். தோழி ஆனி தொலைபேசியில் அழைக்கிறாள்: அவள் வரைந்த படத்தைக் காணோம். அவளுடைய நாயின் படம் அது. மஞ்சள் நிறத்தில் தீட்டியது. நேட் போகிறான், கேட்கிறான், தேடுகிறான். ஆனியின் தம்பி ஹாரியின் அறைக்குப் போனால் எங்கு பார்த்தாலும் சிவப்புச் சாயம். அவன் வரைந்து வைத்திருக்கும் படங்களில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.

அவ்வளவுதான் துப்பு. மஞ்சளின் மேல் சிவப்பைப் பூசினால் ஆரஞ்சு. தம்பி அக்காவின் படத்தின் மேலேயே தன் படத்தை வரைந்துவிட்டான்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, இந்தத் துப்பைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவு பாலர் பள்ளிப் பிள்ளைக்கே உண்டு. எந்த வண்ணத்தோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்பதை அது கையில் சாயம் ஒட்டக் கற்றிருக்கிறது. தெரிந்த இரண்டு விஷயங்களை இணைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, துப்பு மறைக்கப்படவில்லை. நேட் பார்க்கும்போதே நாமும் பார்க்கிறோம். மூன்றாவது, இங்கே திருடன் இல்லை. ஹாரி எதையும் களவாடவில்லை. ஒரு தம்பி செய்யக்கூடியதைச் செய்தான். மர்மம் இருக்கிறது, குற்றம் இல்லை. இந்த மூன்றாவதற்குக் கட்டுரையின் முடிவில் திரும்பி வருகிறேன்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று, துப்பறிபவர் கண்டெடுக்கும் எந்தத் துப்பையும் வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது. பெரியவர்கள் கதையில் இந்த விதியை மீறினால் வாசகர் எரிச்சல் அடைவார், புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பார். ஏழு வயதுப் பிள்ளையோ புத்தகத்தைக் குறை சொல்லாது. "எனக்குத்தான் புரியல" என்று நினைத்துக்கொள்ளும். ஏற்கெனவே வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் இன்னொரு தோல்வி அது. ஆகவே நேர்மை என்பது இந்த வயதுக்கு எழுதும்போது வெறும் விளையாட்டு விதியாக இருக்க முடியாது.

*

அமெரிக்காவில் தொடக்க வாசகர்களுக்கென்று தனிப் புத்தகங்கள் பெருகியது 1957க்குப் பிறகு. டாக்டர் சூஸ் 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து 'தி கேட் இன் த ஹேட்' எழுதியது அந்த ஆண்டுதான். 'ஐ கேன் ரீட்' வரிசை தொடங்கியதும் அதே ஆண்டு. சில ஆண்டுகளிலேயே, 1963இல், கிராஸ்பி பொன்சால் எழுதிய ஒரு மர்மக் கதை அந்த வரிசையில் வந்தது. புளூபெரிப் பழம் வைத்துச் சுட்ட பை ஒன்று காணாமல் போகிறது. தின்றவரின் பல் நீலமாகியிருக்கும். யார் என்று சொல்லமாட்டேன். நேட்டின் கதையைத்தான் போட்டு உடைத்துவிட்டேன், இதையாவது விட்டுவைக்கிறேன்.

இந்த நீலப் பல் நம் ஊருக்கு எவ்வளவு எளிதாக வரும் என்று பாருங்கள். நாவற்பழம் தின்ற நாக்கு, வெற்றிலை போட்ட பாட்டியின் உதடு, மஞ்சள் கறி பட்ட வெள்ளைச் சீருடை. துப்பு உடம்பில் ஒட்டியிருக்கிறது. படத்திலேயே காட்டிவிடலாம், சொல் தெரியாத பிள்ளையும் பிடித்துவிடும்.

எல்லாத் துப்பும் இப்படிக் கடல் தாண்டி வராது. டொனால்ட் சோபோலின் 'என்சைக்ளோபீடியா பிரவுன்' வரிசையும் 1963இல்தான் தொடங்கியது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. கதையை வாசித்துவிட்டு விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டும். முதல் புத்தகத்தில் ஒரு வாள் வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு தளபதிக்குப் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லி ஒருவன் அதைப் பண்டமாற்றாகக் கொடுக்கப் பார்க்கிறான். வாளில் 'முதலாம் புல் ரன் போர்' என்று பொறித்திருக்கிறது. இரண்டாவது போர் வரும் என்று தெரியாத காலத்தில் யார் 'முதலாம்' என்று பொறிப்பார்கள்? போலி வாள்.

அருமையான துப்பு. அமெரிக்க வரலாறு தெரியாத கிள்ளான் பிள்ளைக்கும் இது எட்டும். 1916இல் யாரும் 'முதலாம் உலகப் போர்' என்று கடிதத்தில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று விளக்கினால் கண்ணை விரித்துக் கேட்கும். ஆனால் அதே கதையில் இன்னொரு துப்பும் உண்டு. தெற்கத்தியர்கள் அந்தப் போரை வேறு பெயரால் அழைத்தார்கள், ஆகவே தெற்கத்தியத் தளபதிக்குக் கொடுத்த வாளில் இந்தப் பெயர் இருக்காது. இந்தக் கதவு நமக்கு மூடியே இருக்கிறது. முதல் துப்புக்கு யோசித்தால் போதும். இரண்டாவதுக்கு அந்த மண்ணில் வளர்ந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர்களும் தழுவி எழுதுபவர்களும் ஒவ்வொரு துப்பையும் இப்படித் தட்டிப் பார்க்க வேண்டும்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஏ.ஜே. லோ என்ற பெயரில் சிங்கப்பூர்த் தம்பதியர் எழுதும் 'ஷெர்லாக் சாம்' வரிசையின் முதல் புத்தகம் 2012இல் வந்தது. கத்தோங்கில் ஒரு பெரனாக்கான் ஆன்ட்டியின் பரம்பரைச் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் காணோம். அது இல்லாமல் அவரால் ஆயாம் புவா கெலுவாக் சமைக்க முடியவில்லை. இது தொடக்க வாசகர்களுக்கானது அல்ல, ஆங்கிலத்தில் எழுதியது. ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இடம் இங்கே அலங்காரம் இல்லை. அந்தச் சமையலும் அந்தக் குடும்பமும் இல்லாவிட்டால் காணாமல் போனதற்கு மதிப்பே இல்லை. பாத்திரங்களுக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்துவிட்டால் மலேசியக் கதை ஆகிவிடும் என்று நம்பும் நம் எழுத்தாளர்கள் இதை வாசிக்கலாம்.

*

தமிழில் துப்பறியும் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த் என்று பெயர்கள் நீளும். பெரியவர்களுக்கு இவ்வளவு இருக்கிறது. படக்கதை வாசிக்கும் வயதுக்கு லயன், முத்து காமிக்ஸ் இருந்தன. இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு? என் கைக்கு எட்டியது மிகக் குறைவு.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சிறுவர் கதைப் பட்டறைக்கு வந்த கதைகளை வாசிக்க நேர்ந்தது. மர்மக் கதை என்று வந்தவை ஏறக்குறைய ஒரே அச்சு. பாழடைந்த வீடு. இரவில் சத்தம். பேய் என்று ஊர் பயப்படுகிறது. மூன்று பிள்ளைகள் துணிந்து போகிறார்கள். உள்ளே கடத்தல்காரர்கள். போலீஸ் மாமா வருகிறார், பாராட்டுகிறார், தலைமையாசிரியர் சபைகூடலில் பரிசு கொடுக்கிறார். கடைசி வரியில் நீதி: துணிவே துணை.

ஏனிட் பிளைட்டன் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு 1940களில் போட்ட பாதை இது. அங்கே அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் சாகசக் கதை. நாம் அதைச் சுருக்கி ஏழு வயதுக்குக் கொடுக்கிறோம். இதில் பிள்ளை வாசகர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. துப்பு கிடையாது, தற்செயல்தான் உண்டு. தேவனின் சாம்பு தற்செயலால் ஜெயிப்பது நகைச்சுவை. நம் கதைகளில் தற்செயல் தன்னை வீரம் என்று நினைத்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கடைசி வரி. நீதி சொல்லி முடியும் கதைக்குப் பிள்ளை திரும்பப் போகத் தேவையில்லை. எல்லாமே கடைசி வரியில் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. மர்மக் கதையின் முடிவோ நம்மைப் பின்னால் அனுப்புகிறது. டோடோரோவ் 1960களில் சொன்னதுதான்: துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன, நடந்து முடிந்த கதை ஒன்று, அதைத் தேடும் கதை இன்னொன்று. ஒரு வாக்கியத்தைத் தாங்கவே சிரமப்படும் பிள்ளையிடம் இரண்டு கதைகளைக் கொடுக்கிறோம். ஆகவே மற்ற சுமைகளை நாம் இறக்கிவைக்க வேண்டும். பாத்திரங்கள் நான்கைந்து பேர் போதும். இடம் ஒரு வீடு, ஒரு வகுப்பு. 'எங்கிருக்கிறதென்று' என எழுதாமல் 'எங்கே இருக்கிறது என்று' எனப் பிரித்து எழுத வேண்டும். முக்கியமான சொல் மூன்று நான்கு முறை வர வேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றலாம். பிள்ளைக்கோ அந்தச் சொல்லை நாலாவது முறை தடுக்காமல் வாசிப்பதே ஒரு வெற்றி.

*

இனி நான் மிகவும் ஆசைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் மட்டுமே நடக்கக்கூடிய மர்மக் கதை ஒன்று உண்டா?

ஆங்கிலத்தில் ஒருவர் எடுத்தார் என்று சொல்லும்போது வினைச்சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் எடுத்தான் என்றால் பாதி மர்மம் போச்சு. எடுத்தாள் என்றாலும் அப்படியே. எடுத்தது என்றால் பூனையோ குரங்கோ. நம் வினைமுற்று ஒரு உளறுவாயன். எழுதுபவர் 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று மரியாதைப் பன்மைக்குள் ஒளிய வேண்டியிருக்கிறது. பேச்சில் நாம் இயல்பாகவே "யாரு எடுத்தது?" என்றுதான் கேட்கிறோம். அந்த 'எடுத்தது' எல்லாரையும் மூடிவிடும் போர்வை.

இதைத் தொல்லையாகப் பார்க்கலாம். நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன். ஒரு சின்னக் கதை சொல்கிறேன். மேசையில் இருந்த கறிபாப்பைக் காணோம். அண்ணன்காரன் துப்பறிகிறான். திண்ணையில் இருந்த பாட்டியிடம் கேட்கிறான். பாட்டி சொல்கிறார்: "இப்பதான் வந்துச்சு, தின்னுச்சு, ஓடிப்போச்சு." அவன் உடனே பூனையைத் துரத்துகிறான். பூனை பாவம். முன்பக்கங்களைப் புரட்டினால் பாட்டி தங்கச்சியைப் பற்றி, "பாப்பா எழுந்திரிச்சிச்சா? பசியாறுச்சா?" என்று கேட்டது அங்கேயே அச்சில் இருக்கிறது. பாட்டிக்குச் செல்லமானவர்கள் எல்லாரும் அஃறிணை.

நம் வீடுகளில் அம்மா வந்துச்சு, அண்ணன் சொல்லுச்சு என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு இந்தத் துப்பு தெரியும். பாடப்புத்தகத் தமிழ் மட்டும் தெரிந்தால் தெரியாது. பேச்சுத் தமிழைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குள் விடலாமா என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் ஓயாமல் விவாதிக்கிறோம். பெரும்பாலும் அதை ஒரு சலுகையாகத்தான் பேசுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை, ஆகவே கொஞ்சம் இறங்கிப் போவோம் என்ற தொனி. இந்தக் கதையில் பேச்சுத் தமிழ் சலுகை இல்லை. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கறிபாப் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் முடியாது. வீட்டுத் தமிழ் பேசும் பிள்ளைதான் இங்கே கெட்டிக்காரத் துப்பறிவாளர்.

எழுத்துப் பிழையிலும் ஒரு கதை இருக்கிறது. 'சாவி பல்லிக்குப் பின்னால்' என்று ஒரு துண்டுச் சீட்டு. பிள்ளைகள் சுவரில் பல்லியைத் தேடுகிறார்கள். பிறகு ஒருத்தி சீட்டை மறுபடி வாசிக்கிறாள். பல்லி இல்லை, பள்ளி! நமக்குச் சிவப்பு மையில் வட்டம் வாங்கித் தந்த ல, ள, ழ இங்கே பூதக்கண்ணாடியாகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பிழையை வைத்து 'யார் எழுதியது' என்று ஆளைப் பிடிக்கும் கதையாக மாற்றக் கூடாது. வகுப்பில் பிழையாக எழுதும் பிள்ளைதான் நம் வாசகர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வாசிக்கச் சொல்ல முடியாது.

*

இது கடைசியில் வெறும் உத்தி சம்பந்தப்பட்டது இல்லை என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது வகுப்பில் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் பத்து வெள்ளி காணாமல் போனது. ஆசிரியர் வகுப்பை ஒருமுறை பார்த்தார். பார்வை ஒரு பையனிடம் போய் நின்றது. லயத்து வீட்டிலிருந்து வருபவன், எந்தக் கட்டணத்தையும் நேரத்துக்குக் கட்டாதவன். அவன் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ஒன்றும் இல்லை. இல்லை என்பதும் அவனுக்கு எதிராகவே போனது. எங்கேயோ மறைத்துவிட்டான் என்றோம். அந்த ஆண்டு முழுக்க அவனுக்குப் பெயர் திருடன்.

வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குத் தூக்கிப்போவது என் வேலை. இரண்டு வாரம் கழித்து அதன் பின்பக்கங்களுக்கு நடுவிலிருந்து அந்த நோட்டு விழுந்தது. ஆசிரியரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் அதை மேசைக்குள் போட்டார். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாங்கள் அதுவரை வாசித்த கதைகளில் திருடனைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அவன் சோம்பேறி, பொல்லாதவன், ஏழை. கெட்டவன் யார் என்பது முதல் பத்தியிலேயே முடிவாகிவிடும், கடைசியில் தண்டனை மட்டும்தான் பாக்கி. அந்த ஆசிரியரின் பார்வை அந்தப் பையனிடம் போய் நின்றதற்கும் இந்தக் கதைகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நல்ல மர்மக் கதையில் முதலில் சந்தேகிக்கப்படுபவர் அநேகமாக அதைச் செய்தவராக இருக்கமாட்டார். அது இந்த வடிவத்தின் பழக்கம், கிட்டத்தட்ட ஒரு வாய்ப்பாடு. வாய்ப்பாடு என்று இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஏழு வயதில் அந்த வாய்ப்பாட்டை இருபது முறை வாசிக்கும் பிள்ளை, நீதி என்று யாரும் போதிக்காமலே ஒன்றைப் பழகிக்கொள்கிறது: முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே, தேடு. ஹாரி திருடன் இல்லை என்பதை ஏன் பெரிதாகச் சொன்னேன் என்றால் இதற்காகத்தான். பொருள் தொலைந்தால் அதற்கு ஒரு திருடன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதிவேடும் இருக்கலாம்.

'காணோம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காணேன் என்றால் நான் காணவில்லை. காணோம் என்றால் நாங்கள் காணவில்லை. தினமும் சாவிக்கும் கண்ணாடிக்கும் சொல்லிச் சொல்லி அதற்குள் இருக்கும் 'நாங்கள்' நமக்கு மறந்துபோனது. எவனோ எடுத்துவிட்டான் என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லில் இல்லை. எல்லாருமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்பதுதான் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கான மர்மக் கதைக்கு இதைவிட நல்ல முதல் சொல் எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் கவிதையும் சிறுகதையும் எழுதுகிறவர்கள். ஒரு நாள் உட்கார்ந்து, நாலு பேர், ஒரு வீடு, எல்லாருக்கும் தெரியும்படி வைத்த ஒரு துப்பு, திருடன் இல்லாத ஒரு முடிவு, இதை வைத்து நூற்றைம்பது சொல்லில் ஒரு கதை எழுதிப் பாருங்கள். சிறுகதையை விடக் கஷ்டம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். எழுதி முடித்ததும் இலக்கிய நண்பர்களிடம் காட்ட வேண்டாம். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து வாசிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். கடைசிப் பக்கத்துக்குப் பிறகு அந்த விரல் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.